தொப்புள் வழியே பித்தப்பை அறுவை: முடிவெடுப்பதில் தொடங்கி காயம் ஆறும் வரை

"தழும்பே இல்லாத பித்தப்பை ஆபரேஷன்" என்ற விளம்பரம் பாதி உண்மைதான். தழும்பு இருக்கத்தான் செய்யும். தொப்புளின் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்வதால் வெளியே தெரியாது, அவ்வளவே. அப்படி ஒளித்து வைப்பதற்கு ஒரு விலை உண்டு: அறுவை செய்பவருக்கு வேலை கடினமாகிறது, தொப்புளில் பிற்பாடு ஹெர்னியா (வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் உள்ளிருப்பது பிதுங்குவது) வரும் வாய்ப்பும் கூடுகிறது. சிலருக்கு அந்த விலை தகும், பலருக்குத் தகாது.

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா?

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, வலி மட்டும் வந்ததே இல்லை என்றால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். அப்படிப்பட்ட கல் தொந்தரவு கொடுக்கத் தொடங்குவது ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்த பாலிப் (பித்தப்பையின் உட்சுவரில் வளரும் சிறு சதை), 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், சுவரில் சுண்ணாம்பு படிந்த பித்தப்பை, சிக்கிள் செல் போன்ற இரத்த நோய் ஆகியவை இருந்தால் கதை வேறு. வலி இல்லாவிட்டாலும் அறுவை பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

பித்தக்கல் வலிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மேல் வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ, கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு, பல நேரம் இரவில் வரும். விட்டு விட்டு வராமல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே பிடியாகப் பிடிக்கும். வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். வெறும் ஏப்பம், வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல் மட்டும் இருப்பவர்களுக்குப் பித்தப்பையை எடுத்தாலும் அவை போகாமல் இருக்கலாம். ஆபரேஷன் முடிந்தும் "கேஸ் தொல்லை அப்படியே இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலர் இந்த வகை.

அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சுண்ணாம்பு படியாத சிறிய கொழுப்புக் கற்களை மட்டுமே கரைக்கும். அதற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை பிடிக்கும். நிறுத்திய ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கல் திரும்பி வந்துவிடும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்த மறுநாள் மலத்தில் பச்சையாக உருண்டு வருபவை பித்தக்கற்கள் அல்ல. அந்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாகத் திரண்ட கட்டிகள் அவை. கல் உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கும்.

தழும்பை ஒளிக்கும் மூன்று வழிகள்

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் அறுவையில், முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985 செப்டம்பரில். இன்று வழக்கத்தில் உள்ள முறையில் நான்கு துளைகள்: தொப்புளில் 10 மி.மீ., மார்புக்கூட்டின் நடு எலும்புக்குக் கீழே 10 அல்லது 5 மி.மீ., வலது பக்கம் 5 மி.மீ.யில் இரண்டு. ஓராண்டு கழித்து வலப்பக்கத் தழும்புகள் பலருக்குத் தேடினால்தான் தெரியும். கண்ணை உறுத்துவது நடுவில் இருப்பது ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற வழிகளைப் பாருங்கள்.

முதலாவது, ஒற்றைத் துளை முறை. தொப்புளின் குழிக்குள் 2 முதல் 2.5 செ.மீ. நீளத்துக்கு ஒரே கீறல். அதில் மூன்று நான்கு வாய்கள் கொண்ட மென்மையான போர்ட்டை (கருவிகள் நுழையும் வாயிலை) பொருத்தி, கேமராவும் கருவிகளும் அது வழியாகவே போகும். காயம் ஆறியதும் வடு தொப்புள் மடிப்போடு கலந்துவிடும்.

இரண்டாவது, நுண்கருவி முறை. நான்கு துளைகள் இருக்கும். ஆனால் தொப்புளைத் தவிர மற்றவை 2 அல்லது 3 மி.மீ. அளவுதான். தையல்கூட வேண்டாம், ஒரு பிளாஸ்திரி போதும். சில மாதங்களில் கொசுக்கடித் தடம் அளவுக்குத்தான் மிஞ்சும். விளம்பரங்களில் அதிகம் அடிபடாத முறை இது. தழும்பைப் பற்றிக் கவலைப்படும் பெரும்பாலானவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கலாம். கருவிகள் நாலா பக்கமிருந்தும் வருவதால் வழக்கமான முறையின் பாதுகாப்பு கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கிறது. தேவைப்பட்டால் 3 மி.மீ. துளையை 5 ஆக்கவும் ஒரு நிமிடம் போதும்.

மூன்றாவது பெண்களுக்கு மட்டும்: யோனியின் பின்சுவர் வழியாக எடுப்பது. 2007-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ழாக் மாரெஸ்கோ குழு இவ்வழியில் செய்து காட்டியபோது உலகமெங்கும் பேசப்பட்டது. ஜெர்மனியில் பல மையங்கள் இதைக் கைக்கொண்டன. அங்கும் பெரும்பாலும் தொப்புளில் ஒரு சிறு துளையைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் நோய்), இடுப்புக்குழியில் பழைய ஒட்டல்கள், கர்ப்பம் இருந்தால் இது கூடாது. நம் ஊரில் இதைத் தேடி அலைவதில் பயனில்லை. வாடிக்கையாகச் செய்து கை பழகிய குழு இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

ஒற்றைத் துளை ஏன் கடினம்

இதைப் புரிந்துகொண்டால் டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

நான்கு துளைகளில் கருவிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து உள்ளே ஒரு முக்கோணமாகச் சந்திக்கும். ஒரே துளையில் எல்லாம் இணையாகப் போகின்றன. உள்ளே ஒரே கோட்டில் நின்று ஒன்றையொன்று மறைக்கும், வெளியே கைப்பிடிகள் கத்திச் சண்டை போல மோதிக்கொள்ளும். கேமராவை அசைத்தால் கருவியும் சேர்ந்து அசையும். இதற்காகத்தான் வளையும் கருவிகளையும் நீண்ட 5 மி.மீ. கேமராவையும் பயன்படுத்துகிறார்கள்.

இதைவிட முக்கியமானது இழுக்கும் திசை. வழக்கமான அறுவையில் ஒரு கருவி பித்தப்பையின் உச்சியைக் கல்லீரலுக்கு மேலே வலது தோளை நோக்கித் தள்ளும். இன்னொன்று பித்தப்பையின் கழுத்தை வலப்பக்கம் இழுக்கும். அப்போதுதான் பித்தப்பைக் குழாய்க்கும் பிரதான பித்தநாளத்துக்கும் இடையே உள்ள கோணம் விரியும். கழுத்தையும் மேல் நோக்கியே இழுத்தால் இரண்டு குழாய்களும் ஒரே கோட்டில் வந்துவிடும். வெட்ட வேண்டியது எது, தொடக்கூடாதது எது என்பதில் கண் ஏமாறும். பித்தநாளக் காயங்களில் மோசமானவை பலவும் இந்த ஏமாற்றத்தால் நேர்பவைதான். ஒற்றைத் துளையில் கழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பது கடினம். வயிற்றுச் சுவர் வழியாக நூல் கோத்துப் பித்தப்பையைத் தூக்கி நிறுத்தி ஓரளவு ஈடுகட்டுவார்கள்.

யாருக்கு ஒத்து வராது

பித்தப்பை அழற்சி முற்றிக் காய்ச்சலோடு வந்தவர்களுக்குத் தழும்புப் பேச்சே வேண்டாம். அவர்களுக்குத் தேவை முதல் சில நாட்களுக்குள் பாதுகாப்பான, வழக்கமான நான்கு துளை அறுவை. அதேபோல் மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள், மேல் வயிற்றில் ஏற்கெனவே பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், தொப்புள் ஹெர்னியா உள்ளவர்கள் அல்லது அதற்கு வலை வைத்தவர்கள், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், பித்தப்பைச் சுவர் தடித்துச் சுருங்கியவர்கள், புற்றுநோய் சந்தேகம் உள்ளவர்கள் ஒற்றைத் துளையைக் கேட்க வேண்டாம். பொருத்தமானவர் யார் என்றால், ஒல்லியான அல்லது நடுத்தர உடல்வாகு, அழற்சி இல்லாத பித்தப்பை, அவசரமில்லாமல் தேதி குறித்துச் செய்யும் அறுவை.

காது குத்திய இடத்திலோ மார்பிலோ தடித்துப் புடைத்து வளரும் தழும்பு உங்களுக்கு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மார்புக்குக் கீழே உள்ள 10 மி.மீ. வெட்டைத் தவிர்ப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"எத்தனை வருட அனுபவம்?" என்பது பயனற்ற கேள்வி. "ஒற்றைத் துளையில் இதுவரை எத்தனை செய்தீர்கள், அதில் எத்தனை பேருக்குக் கூடுதல் துளை போட நேர்ந்தது?" என்று கேளுங்கள். "ஒருவருக்குக்கூட இல்லை" என்ற பதில் வந்தால் மகிழ வேண்டாம். தடுமாறும் இடத்தில் யோசிக்காமல் இரண்டாவது துளையைப் போடுபவரே நல்ல கை.

"வெட்டும் முன் என்ன பார்த்து உறுதி செய்வீர்கள்?" என்பது அடுத்தது. 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் வரையறுத்த மூன்று நிபந்தனைகள்தான் உலகம் முழுக்க அளவுகோல். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையே உள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு, அதாவது குழாயும் இரத்தக்குழாயும், என்று தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றும் கிடைக்காமல் கிளிப் போடக்கூடாது.

வசதியுள்ள மருத்துவமனைகளில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை அறுவைக்கு முன் நரம்பில் ஏற்றுவார்கள். அகச்சிவப்பு கேமராவில் பித்தநாளங்கள் பச்சையாக ஒளிரும். இது கூடுதல் துணைதான். மேலே சொன்ன மூன்றுக்கும் மாற்று ஆகாது.

கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், போர்ட் புதியதா, மறுபடி பயன்படுத்துவதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். காரணம் பின்னால் வருகிறது. காப்பீட்டில் செய்வதாக இருந்தால், சிறப்பு போர்ட்டின் விலை பேக்கேஜுக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அறுவைக்கு முந்தைய வாரம்

வெறும் வயிற்றில் ஸ்கேன், கல்லீரல் பரிசோதனை, இரத்த அணுக்கள், இரத்தம் உறையும் நேரம், இசிஜி ஆகியவை அடிப்படை. பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) கூடியிருந்தாலோ பிரதான பித்தநாளம் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ) ஸ்கேன் எடுத்து, நாளத்தில் கல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும். இருந்தால் முதலில் இஆர்சிபி மூலம், அதாவது வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, எடுத்துவிட்டு, சில நாட்களுக்குள்ளேயே பித்தப்பையை அகற்றுவது நல்லது. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் இன்னொரு கல் இறங்கலாம், ஒட்டல்களும் கூடும்.

மாத்திரைகளில், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இரண்டையும் பொதுவாக ஐந்து நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சாப்பிடுபவர்கள் மூன்று நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. மெட்ஃபார்மினை அன்று காலை மட்டும் விட்டால் பெரும்பாலும் போதும். சித்த மருந்து, லேகியம், ஊட்டச்சத்து மாத்திரை எதுவானாலும் மயக்கவியல் டாக்டரிடம் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். புகைப்பவர்கள் நான்கு வாரங்களுக்கு முன்பே விட்டால் நுரையீரலுக்கும் காயத்துக்கும் நல்லது.

தொப்புளைச் சுத்தம் செய்வதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். அறுவை நடக்கப் போவதே அங்குதான். ஆழமான தொப்புளுக்குள் ஆண்டுக்கணக்கில் அழுக்கு இறுகிக் கல்லாகக் கிடக்கும். மூன்று நான்கு நாட்கள் முன்னதாகவே, இரவில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். நகத்தாலோ ஹேர்ப்பின்னாலோ தோண்டக் கூடாது, கீறல் விழுந்தால் அறுவையே தள்ளிப்போகும். முந்தைய நாளும் அன்றும் எண்ணெய் வேண்டாம், சோப்புக் குளியல் மட்டும். வயிற்று முடியை நீங்களே சவரம் செய்ய வேண்டாம். தேவையென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிற்க வேண்டும். பால் கலந்த காபி, டீ தண்ணீர்க் கணக்கில் வராது. அது உணவுக் கணக்கு.

தியேட்டருக்குள்

முழு மயக்கம் கொடுத்த பின் மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி இடப்பக்கம் சாய்ப்பார்கள். குடல் கீழே சரிந்து பித்தப்பை தெளிவாகத் தெரியும். தொப்புளைத் தூக்கிப் பிடித்து, குழிக்குள்ளேயே நெடுக்காகக் கீறி, வயிற்றுச் சுவரின் வெண்ணிற உறையைத் திறந்து போர்ட்டைப் பொருத்துவார்கள். கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம் வரை நிரப்புவார்கள். மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளும் கிடைத்ததும் உடலில் தங்கப் போகும் பக்கம் இரண்டு கிளிப், எடுக்கப் போகும் பக்கம் ஒன்று போட்டு நடுவில் வெட்டுவார்கள். டைட்டானியம் கிளிப் இருந்தாலும் பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்கலாம். பிறகு கல்லீரலிலிருந்து பித்தப்பையை உரித்து, ஒரு பைக்குள் போட்டு, தொப்புள் வழியே வெளியே எடுப்பார்கள். பை இல்லாமல் இழுத்துக் கிழிந்தால் கற்கள் வயிற்றுக்குள் சிதறும். விட்டுப்போன ஒரு கல் மாதங்கள் கழித்துச் சீழ்க்கட்டியாகலாம்.

கடைசியில் உறையைக் கண்ணால் பார்த்து வலுவான நூலால் தைக்க வேண்டும். ஒற்றைத் துளை அறுவையின் நீண்டகால வெற்றி இந்த ஐந்து நிமிடத் தையலில்தான் இருக்கிறது. நான்கு துளை முறையையும் ஒற்றைத் துளை முறையையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் ஹெர்னியா முறையே 1.2 சதவீதம், 8.4 சதவீதம். அழகு மதிப்பெண்ணில் ஒற்றைத் துளைதான் முந்தியது. இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள்.

சிக்கலாகத் தெரிந்தால் வழிகள் உண்டு: கூடுதல் துளை, சாயம் செலுத்தி எக்ஸ்ரே, கழுத்தைத் தொடாமல் பித்தப்பையின் பெரும்பகுதியை மட்டும் எடுப்பது, கடைசியாக வயிற்றைத் திறப்பது. ஒப்புதல் படிவத்தில் இவை எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். "எக்காரணம் கொண்டும் துளை போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு மயக்கத்துக்குப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகம் வலித்தால் பயப்பட வேண்டாம். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதன் எதிரொலி அது. ஓரிரு நாட்களில் தானாகப் போகும். எழுந்து நடப்பது உதவும்.

அன்று மாலையே கஞ்சி, இட்லி, ரசம் சாதம் சாப்பிடலாம். முதல் சில வாரங்கள் பொரித்ததையும் பிரியாணியையும் தள்ளி வையுங்கள். கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், சேமிக்கும் பை மட்டும்தான் இல்லை. அதனால் ஆயுளுக்கும் பத்தியம் கிடையாது. சிலருக்குச் சாப்பிட்டவுடன் வயிற்றுப்போக்கு வரும். வாரக்கணக்கில் நீடித்தால் கொலஸ்டிரமின் பொடி நன்றாகக் கேட்கும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

48 மணி நேரத்துக்குப் பின் குளிக்கலாம். தொப்புளுக்குள் ஈரம் தங்கக் கூடாது. சுத்தமான துணியை ஒற்றி எடுத்து, சில நிமிடம் காற்றாட விடுங்கள். பவுடர், மஞ்சள், விபூதி எதையும் உள்ளே வைக்க வேண்டாம். பாவாடை நாடா, பேன்ட் பெல்ட், வேட்டி முடிச்சு தொப்புளில் உராயாதபடி மேலேயோ கீழேயோ கட்டுங்கள்.

நான்கு துளைக்காரர்களைவிட உங்களுக்கு எடை தூக்குவதில் கட்டுப்பாடு அதிகம், ஏனென்றால் உறையில் விட்ட வெட்டு பெரியது. ஆறு வாரங்களுக்கு 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். நிறைந்த குடம் 15 கிலோ தாண்டும். கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. மலச்சிக்கலும் தொடர் இருமலும் தையலுக்கு அதே அளவு எதிரி. இரண்டுக்கும் முன்கூட்டியே மருந்து கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்: குறைய வேண்டிய வலி இரண்டாம் நாளுக்குப் பின் கூடுவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்து மலம் வெளிறுவது, வயிறு ஊதி வாந்தி நிற்காதது, தொப்புளில் பச்சை நிற நீர், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல். பித்தக் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தலைகாட்டும். சீக்கிரம் கண்டால் பலருக்கு இஆர்சிபி ஸ்டென்ட் ஒன்றிலும் வடிகுழாயிலும் முடிந்துவிடும். தாமதித்தால் வயிறு முழுக்கச் சீழ்.

வேறொரு தொல்லை மெதுவாக வரும். காயம் நன்றாக ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்துத் தொப்புளில் சிறு கட்டி, தண்ணீர் போன்ற கசிவு, வழக்கமான ஆன்டிபயாடிக்குக் கேட்காமல் திரும்பத் திரும்ப வாய் திறப்பது. சரியாகக் கிருமி நீக்காத கருவிகளில், அல்லது அவற்றைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதால், ஒட்டும் காசநோய்க் குடும்பத்துப் பாக்டீரியாக்கள் இதற்குக் காரணமாகலாம். கருவிச் சுத்தம் பற்றி முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். கசிவை அந்தக் கிருமிக்கான கல்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் கிளாரித்ரோமைசின் போன்ற மருந்து தேவைப்படும்.

தழும்புக்குத் தனி மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை. கூடுதல் துளை வெளியே விழுந்திருந்தால், தோல் முழுக்க மூடியபின் சிலிகான் ஜெல்லோ பட்டையோ இரண்டு மூன்று மாதங்கள் போடலாம். வெயில் பட்டால் கறுக்கும் என்பதால் மூடி வையுங்கள்.

எடுத்த பித்தப்பையைக் கல்லோடு பாட்டிலில் போட்டுக் காட்டுவார்கள். கல்லை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், பையைப் பயாப்ஸிக்குத்தான் அனுப்ப வேண்டும். ஸ்கேனில் தெரியாத புற்றுநோய் அரிதாக அங்கே தெரியவரும், அப்போது இன்னொரு அறுவை தேவைப்படலாம். ரிப்போர்ட் வர ஒரு வாரம் போல ஆகும், அதற்குள் தையல் பார்த்து முடித்துவிடுவதால் பலர் வாங்கவே போவதில்லை. டிஸ்சார்ஜ் தாளிலேயே தேதியைக் குறித்து வாங்கி, நேரில் போய் வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டு ஃபைலை மூடுங்கள்.